மலையில் இருந்தபடி அன்சிவ் விளையாட்டுக்கு நிரல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்சிவ், ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் ஓடும் திறந்த மூல வியூக விளையாட்டு. சிவிலைசேஷன் 5 என்ற விளையாட்டின் ஆட்ட முறையைப் பின்பற்றி, கோட்லின் மொழியில், லிப்ஜிடிஎக்ஸ் நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. மூல நிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் மோசில்லா பொது உரிமம் 2.0-இன் கீழ் கிடைக்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கங்களிலிருந்து இதற்குப் பங்களிக்க விரும்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: நெட் விட்டு விட்டு வருகிறது, மழைக்காலத்தில் கரண்ட் நிலையாக இருப்பதில்லை, லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது, இதில் முடியுமா? தாராளமாக முடியும். எதை முதலில் இறக்குவது, எதை இறக்கவே வேண்டாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

எடுத்தவுடன் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இறக்க வேண்டுமா?

வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான். மொபைல் விளையாட்டு என்றதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்), அதற்கான சிஸ்டம் இமேஜ் என்று வரிசையாக இறக்கத் தொடங்குகிறார்கள். மூன்று நான்கு நாள் டேட்டா அதிலேயே கரைந்துவிடும், விளையாட்டின் ஒரு வரி நிரலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லிப்ஜிடிஎக்ஸில் எழுதிய விளையாட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆட்டத்தின் தர்க்கமும் திரைகளும் 'கோர்' என்ற பகுதியில் இருக்கும். 'டெஸ்க்டாப்', 'ஆண்ட்ராய்டு' ஆகியவை அதைத் தொடங்கிவைக்கும் சிறிய பகுதிகள் மட்டுமே. கோரில் செய்த மாற்றத்தைக் கணினி ஜன்னலிலேயே ஓட்டிப் பார்க்கலாம். போன் கடைசியில் வந்தால் போதும். மைண்டஸ்ட்ரி, ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன் ஆகிய விளையாட்டுகளும் இதே வசதி கொண்டவைதான், ஆனால் அவை ஜாவாவில் எழுதப்பட்டவை. அன்சிவ் பிடிக்காதவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

அப்படியானால் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

கிட் (நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி), ஜேடிகே 17 (ஜாவா உருவாக்கத் தொகுப்பு), விளையாட்டின் நிரல், ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் (ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கத் தொகுப்பு) கமாண்ட் லைன் டூல்ஸ், பிறகு நிரலைக் கட்டும் (பில்டு செய்யும்) கருவியான கிரேடில் தானாக இறக்கிக்கொள்ளும் நூலகங்கள். நிரல் எழுத உங்களுக்குப் பழகிய எடிட்டர் ஏதாவது ஒன்று. கோட்லினுக்கு இன்டெல்லிஜே வசதியாக இருக்கும், ஆனால் முதல் ஓட்டத்துக்கு அது தேவையில்லை.

டெஸ்க்டாப்பில் மட்டும் ஓட்டுவதற்கு எஸ்டிகே எதற்கு என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு பகுதியும் அதே திட்டத்துக்குள் இருப்பதால், எதை ஓட்டச் சொன்னாலும் கிரேடில் அதையும் சேர்த்துப் படித்துப் பார்க்கும். எஸ்டிகே கண்ணில் படவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடக்கூடும்.

அளவுக் கணக்கு: ஜேடிகே சுமார் 200 எம்பி. கமாண்ட் லைன் டூல்ஸ் ஒன்றரை நூறு எம்பியை ஒட்டி வரும். கிரேடில் ஜிப் கோப்பு நூறு எம்பிக்கு மேல். இவற்றோடு நூலகங்களும் எஸ்டிகே பாகங்களும் சேரும். தினம் 1.5 அல்லது 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: முதல் நாள் ஜேடிகே, கிட், நிரல், மறுநாள் எஸ்டிகேயும் கிரேடிலும். கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போகிற வேலை இருந்தால் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய், முதல் ஓட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டு மலையேறுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

கிட் குளோன் பாதியில் அறுந்துபோகிறது. மறுபடி பூஜ்யத்திலிருந்தா?

ஆமாம். நிரலை உங்கள் கணினிக்கு நகலெடுத்து இறக்கும் கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. 90 சதவீதத்தில் அறுந்தாலும் இறங்கிய எல்லாம் வீண். அதனால் இறக்கும் அளவையே குறைக்க வேண்டும்.

முதலில் கிட்ஹப்பில் அன்சிவை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் (உங்கள் பெயரில் ஒரு நகல்) செய்துகொள்ளுங்கள். பிறகு 'கிட் குளோன் --டெப்த்=1' என்று தொடங்கி, உங்கள் ஃபோர்க்கின் முகவரியைக் கொடுங்கள். இன்றைய நிலையில் உள்ள கோப்புகள் மட்டும் வரும். பல ஆண்டு மாற்ற வரலாறும் அதிலுள்ள பழைய படங்களும் வராது. வரலாறு இல்லாத குளோனிலிருந்து புஷ் செய்ய (மாற்றங்களைக் கிட்ஹப்புக்கு ஏற்ற) முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம்; கிட் 1.9-இலிருந்தே அது முடியும். பின்னர் பழைய மாற்றங்களைப் பார்க்க வேண்டியிருந்தால் 'கிட் ஃபெட்ச் --டீப்பன்=100' போலக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளலாம்.

அதுவும் அறுந்தால் நல்ல நெட் உள்ள நண்பரிடம் சொல்லுங்கள். அவர் தன் குளோனுக்குள் 'கிட் பண்டில் கிரியேட் அன்சிவ்.பண்டில் --ஆல்' என்று கொடுத்தால் ஒரே கோப்பாகிவிடும். அதைப் பென் டிரைவில் வாங்கி, அந்தக் கோப்பிலிருந்தே 'கிட் குளோன்' செய்யலாம். செய்து முடித்ததும் 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின்' மூலம் உங்கள் ஃபோர்க்கின் முகவரியை மாற்றி வைத்துவிட வேண்டும். இதை மறந்தால் அடுத்த புஷ் பென் டிரைவைத் தேடிப் போய்த் தோற்கும்.

கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஓட்டிப் பார்க்க அது போதும், மாற்றத்தைத் திருப்பி அனுப்ப உதவாது.

எஸ்டிகேயை ஸ்டூடியோ இல்லாமல் எப்படி அமைப்பது?

கமாண்ட் லைன் டூல்ஸ் ஜிப்பை விரித்தால் 'சிஎம்டிலைன்-டூல்ஸ்' என்ற கோப்புறை கிடைக்கும். அதை அப்படியே வைத்தால் 'எஸ்டிகே ரூட்டைக் கண்டறிய முடியவில்லை' என்று பிழை வரும். எஸ்டிகே கோப்புறை, அதற்குள் சிஎம்டிலைன்-டூல்ஸ், அதற்குள் 'லேட்டஸ்ட்', அதற்குள்தான் 'பின்', 'லிப்' முதலியவை இருக்க வேண்டும். 'லேட்டஸ்ட்' என்ற அந்த நடுப்படியை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

அடுத்து 'எஸ்டிகேமேனேஜர் --லைசென்சஸ்' கொடுத்து, கேட்கும் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் தெரிவியுங்கள். இதைச் செய்துவிட்டால் எந்தப் பிளாட்ஃபார்ம், எந்தப் பில்டு டூல்ஸ் வேண்டும் என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. விளையாட்டுக்குத் தேவையானதைக் கிரேடிலே இறக்கிக்கொள்ளும். சம்மதம் தராமல் விட்டால் 'லைசென்ஸ் ஏற்கப்படவில்லை' என்று நிற்கும்.

எஸ்டிகே எங்கே இருக்கிறது என்பதை 'ஆண்ட்ராய்டு_ஹோம்' என்ற சூழல் மாறியிலோ, நிரலின் மேல்நிலைக் கோப்புறையில் 'லோக்கல்.ப்ராபர்ட்டீஸ்' கோப்பில் 'எஸ்டிகே.டிர்=' என்ற வரியிலோ சொல்லுங்கள். விண்டோஸில் இந்த வரியில் வரும் பின்சாய்கோடுகளை இரட்டையாக எழுத வேண்டும். ஒற்றையாக எழுதினால் பாதை சிதைந்துவிடும். உபுண்டுவில் ஆப்ட் மூலம் 'ஆண்ட்ராய்டு-எஸ்டிகே' நிறுவியிருந்தால் பாதை '/யூஎஸ்ஆர்/லிப்/ஆண்ட்ராய்டு-எஸ்டிகே'.

கிரேடில் முதல் முறை ஓடும்போது நகரவே மாட்டேன் என்கிறது. தொங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, இறக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் மலைச் சிக்னலில் இரண்டு இடத்தில் நிஜமாகவே முறியும்.

ஒன்று, கிரேடில் ஜிப். உங்கள் கணினியில் ஏற்கெனவே கிரேடில் இருந்தாலும் திட்டத்தோடு வரும் 'கிரேடில்டபிள்யூ'வைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் அது சரியான பதிப்பைக் கொண்டுவரும். அது இறக்கும்போது நெட் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாற்று வழி இருக்கிறது. 'கிரேடில்-ராப்பர்.ப்ராபர்ட்டீஸ்' கோப்பைத் திறந்தால் ஜிப்பின் முழு முகவரி இருக்கும். அதை 'டபிள்யூகெட் -சி' போல, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய கருவியால் இறக்குங்கள். உங்கள் பயனர் கோப்புறையில் '.கிரேடில்', அதற்குள் 'ராப்பர்', 'டிஸ்ட்ஸ்', அதற்குள் கிரேடில் பதிப்பின் பெயர், அதற்குள் புரியாத எழுத்துகளும் எண்களுமான ஒரு கோப்புறை இருக்கும். முதல் முயற்சியிலேயே அது உருவாகியிருக்கும். அதில் '.பார்ட்' என்று முடியும் அரைகுறைக் கோப்பை நீக்கிவிட்டு, ஜிப்பைப் பெயர் மாற்றாமல் அங்கே வையுங்கள். மறுபடி ஓட்டினால் இறக்காமல் விரித்துக்கொள்ளும். 'ஜிப் எக்ஸெப்ஷன்' வந்தால் ஜிப் பழுதாகிவிட்டது; அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

இரண்டு, நூலகங்கள் இறங்கும்போது 'ரீட் டைம்டு அவுட்'. கிரேடில் இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். பயனர் கோப்புறையின் '.கிரேடில்' உள்ளே 'கிரேடில்.ப்ராபர்ட்டீஸ்' என்ற கோப்பை உருவாக்கி, 'சிஸ்டம்ப்ராப்.ஆர்க்.கிரேடில்.இன்டர்னல்.ஹெச்டிடிபி.கனெக்ஷன்டைம்அவுட்', அதே தொடரில் 'சாக்கெட்டைம்அவுட்' இரண்டுக்கும் 120000 கொடுங்கள். மில்லி விநாடிக் கணக்கு, அதாவது இரண்டு நிமிடம். நூலகங்களைப் பொறுத்தவரை ஒரு ஆறுதல், இறங்கி முடித்த ஒவ்வொரு கோப்பும் தங்கிவிடும். தோற்றால் மறுபடி அதே கட்டளையைக் கொடுங்கள், மீதி மட்டும் வரும்.

போனை ஹாட்ஸ்பாட்டாக வைப்பதைவிட யூஎஸ்பி டெதரிங் நிலையாக இருக்கும். கேபிள் நீளமாக இருந்தால் போனை ஜன்னலோரம் டவர் பக்கமாக வைத்துக்கொள்ளவும் முடியும். பள்ளத்தில் உள்ள வீடுகளுக்கு இதுவே பெரிய வித்தியாசத்தைத் தரும்.

நண்பர் இறக்கிய நூலகங்களை நான் வாங்கிக்கொள்ள முடியுமா?

முடியும், கிரேடில் 6.1-இலிருந்து இது முறையாகவே அனுமதிக்கப்பட்டது. அவருடைய '.கிரேடில்' உள்ளே 'கேஷஸ்' கோப்புறையில் 'மாட்யூல்ஸ்-2' இருக்கும். அதை உங்கள் கணினியில் அதே இடத்தில் வையுங்கள். நகலெடுக்கும்போது '.லாக்' என்று முடியும் கோப்புகளையும் 'ஜிசி.ப்ராபர்ட்டீஸ்' கோப்பையும் விட்டுவிட வேண்டும். 'கேஷஸ்' முழுவதையும் அள்ளி எடுக்காதீர்கள். மற்றவை அந்தக் கணினிக்கே உரியவை. 'ராப்பர்' கோப்புறையையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் ஜிப் தொல்லையும் தீர்ந்தது.

இரண்டு பேரும் நிரலின் ஒரே நிலையில் இருக்கிறீர்களா என்று 'கிட் லாக் -1' பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் ஏதாவது நூலகத்தின் பதிப்பு மாறியிருந்தால் அது மட்டும் நெட்டிலிருந்து வரும். எல்லாம் கைக்கு வந்தபின் கட்டளையின் இறுதியில் '--ஆஃப்லைன்' சேருங்கள். நெட்டே இல்லாத நாளிலும் வேலை நடக்கும்.

கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்வதாக இருந்தால் ஒருவர் மட்டும் இறக்கி, ஒரே பென் டிரைவில் ஜேடிகே, எஸ்டிகே, பண்டில், ராப்பர், மாட்யூல்ஸ்-2 ஐந்தையும் சுற்றுக்கு விடுவதே சரி. எஸ்டிகேயும் ஜேடிகேயும் ஆளுக்கு ஆள் ஒரே இயங்குதளமாக இருந்தால்தான் ஒத்துவரும்.

விளையாட்டை ஓட்டும் கட்டளை எது?

விண்டோஸில் 'கிரேடில்டபிள்யூ டெஸ்க்டாப்:ரன்', லினக்ஸில் அதற்கு முன் './' சேர்க்க வேண்டும். 'பெர்மிஷன் டினைடு' வந்தால் 'சிஹெச்மாட் +எக்ஸ் ./கிரேடில்டபிள்யூ' ஒருமுறை கொடுத்தால் போதும். 'டெஸ்க்டாப்:டிஸ்ட்' கொடுத்தால் நண்பருக்கு அனுப்பக்கூடிய ஜார் கோப்பு 'டெஸ்க்டாப்/பில்டு/லிப்ஸ்' உள்ளே உருவாகும்.

பின்னாளில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் திறந்து ரன் பொத்தானால் ஓட்ட விரும்பினால், 'அப்ளிகேஷன்' வகையில் ஒரு ரன் அமைப்பு உருவாக்க வேண்டும். மாட்யூல் 'அன்சிவ்.டெஸ்க்டாப்.மெயின்', மெயின் கிளாஸ் 'காம்.அன்சிவ்.ஆப்.டெஸ்க்டாப்.டெஸ்க்டாப்லாஞ்சர்', வொர்க்கிங் டைரக்டரி 'ஆண்ட்ராய்டு/அசெட்ஸ்'. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மறந்தால் 'யுனீக்ஸ்.எம்டி கோப்பு இல்லை' என்று ஒரு பிழை வரும், அதைப் பார்த்து அந்தக் கோப்பைத் தேடி அலையாதீர்கள். மூல நிரலிலிருந்து ஓடும்போது விளையாட்டு தன் ஆவணக் கோப்புகளைத் தானே எழுதிக்கொள்கிறது. தவறான இடத்தில் நின்று எழுதப் பார்ப்பதால் பாதை கிடைப்பதில்லை. வொர்க்கிங் டைரக்டரியைச் சரிசெய்தால் போய்விடும்.

இதே காரணத்தால் நீங்கள் தொடாத ஆவணக் கோப்பு ஒன்று மாறியிருப்பதாக 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டக்கூடும். உங்கள் மாற்றத்துக்குத் தொடர்பில்லை என்றால் அதைக் கமிட்டில் (கிட்டில் பதியும் மாற்றத் தொகுப்பு) சேர்க்காதீர்கள்.

'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65' என்றால் என்ன?

எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வரும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் 17. உங்கள் கணினியில் உள்ள ஜாவா, திட்டத்தின் கிரேடிலுக்குத் தெரிந்ததைவிடப் புதியது என்று பொருள். 'ஜாவா_ஹோம்' மாறியை ஜேடிகே 17-க்குத் திருப்புங்கள். ஸ்டூடியோவில் என்றால் செட்டிங்ஸில் கிரேடில் பகுதியில் 'கிரேடில் ஜேடிகே' என்ற இடத்தில் மாற்ற வேண்டும். டெர்மினலில் மாற்றியது அங்கே செல்லாது. மாற்றியபின் 'கிரேடில்டபிள்யூ --ஸ்டாப்' கொடுத்து, பின்னணியில் ஓடும் பழைய டீமனை நிறுத்திவிடுங்கள்.

8 ஜிபி ராமில் லேப்டாப் உறைந்துபோகிறது.

கிரேடில் டீமன் ஒன்று, கோட்லின் கம்பைலருக்குத் தனி டீமன் ஒன்று, எடிட்டர், பிரவுசர், கடைசியில் விளையாட்டு என ஐந்தும் சேர்ந்து நினைவகத்தைத் தின்கின்றன. லினக்ஸில் 'கிரேடில் டீமன் டிஸ்அப்பியர்டு' என்று வந்தால் இயங்குதளமே நினைவகம் போதாமல் அதைக் கொன்றிருக்க அதிக வாய்ப்பு.

மேலே சொன்ன பயனர் கோப்புறையின் 'கிரேடில்.ப்ராபர்ட்டீஸ்' கோப்பிலேயே மூன்று வரி சேருங்கள். 'ஆர்க்.கிரேடில்.ஜேவிஎம்ஆர்க்ஸ்=-எக்ஸ்எம்எக்ஸ்2ஜி' நினைவகத்துக்கு வரம்பு வைக்கும். 'ஆர்க்.கிரேடில்.வொர்க்கர்ஸ்.மேக்ஸ்=2' ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளைக் குறைக்கும். 'கோட்லின்.கம்பைலர்.எக்சிக்யூஷன்.ஸ்ட்ராடஜி=இன்-பிராசஸ்' இரண்டாவது டீமனை இல்லாமல் செய்யும். 'ஹீப் ஸ்பேஸ்' பிழை வந்தால் 2-ஐ 3 ஆக்குங்கள். திட்டத்துக்குள் இருக்கும் இதே பெயருள்ள கோப்பில் கைவைக்க வேண்டாம். பயனர் கோப்புறையில் உள்ளதே மேலோங்கும், உங்கள் கணினிக்கான அமைப்பு தவறிப்போய்க் கமிட்டில் ஏறுவதும் இல்லை.

எமுலேட்டரை மறந்துவிடுங்கள். ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளின் பரிந்துரையே சொல்கிறது. கையில் இருக்கும் பழைய போன் எமுலேட்டரைவிட நல்ல சோதனைக் கருவி.

போனைக் கேபிளில் இணைத்தும் கணினிக்குத் தெரியவில்லை.

அமைப்புகளில் 'பில்டு நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். பிறகு 'எடிபி டிவைசஸ்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

பட்டியல் காலியாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு, அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. விண்டோஸ் என்றால் போன் நிறுவனத்தின் யூஎஸ்பி டிரைவரும் தேவைப்படலாம். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையைத் திறந்து, அனுமதி கேட்கும் பெட்டியில் சரி சொல்லுங்கள். லினக்ஸில் 'நோ பெர்மிஷன்ஸ்' என்றால் 'ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன்' என்ற பொதியை நிறுவி, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ஷாவ்மி, ரெட்மி போன்களில் 'இன்ஸ்டால் வயா யூஎஸ்பி' என்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதை இயக்க நிறுவனத்தின் கணக்கில் உள்நுழைய வேண்டும், சிம்மும் போட்டிருக்க வேண்டும். வீட்டில் சிம் இல்லாமல் கிடக்கும் பழைய போனை எடுப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

தெரிந்ததும் 'கிரேடில்டபிள்யூ ஆண்ட்ராய்டு:இன்ஸ்டால்டீபக்' போதும்.

'இன்ஸ்டால் ஃபெயில்டு அப்டேட் இன்கம்பேட்டிபிள்' என்று மறுக்கிறது.

ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவிய அன்சிவ் அந்தப் போனில் ஏற்கெனவே இருக்கிறது. பொதிப் பெயர் ஒன்றேதான், கையொப்பச் சாவி வேறு. ஒன்றின் மேல் ஒன்றை எழுத ஆண்ட்ராய்டு அனுமதிக்காது. பழையதை நீக்கினால் சேமித்த ஆட்டங்களும் போய்விடும், ஆகவே முதலில் விளையாட்டின் சேமிப்புத் திரையிலிருந்து அவற்றைக் கிளிப்போர்டுக்கு நகலெடுத்து வேறெங்காவது ஒட்டி வையுங்கள். நீக்க மனமில்லை என்றால் ஆண்ட்ராய்டு பகுதியின் பில்டு கோப்பில் டீபக் வகைக்கு 'அப்ளிகேஷன்ஐடிசஃபிக்ஸ்' கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த வரியைக் கமிட் செய்யாதீர்கள்.

  

கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப்புக்கு இது பெரிய விஷயமில்லை. பேட்டரி செத்த லேப்டாப், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி இரண்டிலும் சேதம் வரும்.

சேதம் இரண்டு விதம். கிரேடிலின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) கெட்டால் 'கரப்டட் கேஷ்' என்றோ 'டைம்அவுட் வெய்ட்டிங் டு லாக்' என்றோ வரும். டீமனை நிறுத்திவிட்டு, 'கேஷஸ்' உள்ளே கிரேடில் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறையை மட்டும் நீக்குங்கள். 'மாட்யூல்ஸ்-2' மேல் கைவைக்காதீர்கள், இறக்கியது எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கிட் கெட்டால் 'ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி' என்று வரும். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனதால் கோப்பு காலியாகிவிட்டது. பழுது பார்க்கப் பொழுதைச் செலவிடுவதைவிட, நீங்கள் மாற்றிய கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பண்டிலிலிருந்து புதிதாகக் குளோன் செய்து திரும்ப வைப்பது விரைவு. பண்டிலைப் பென் டிரைவிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான். வேலையைத் தனிக் கிளையில் செய்து, சிக்னல் கிடைக்கும் போதெல்லாம் புஷ் செய்துவிடுங்கள். நிரல் மாற்றம் சில கேபிதான் இருக்கும், 2ஜி வேகத்திலும் போய்ச் சேரும்.

மூடுபனியும் ஈரமும் லேப்டாப்பைப் பாதிக்குமா?

குளிர்ந்த லேப்டாப்பை வெதுவெதுப்பான, ஈரமான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும். வெளியிலிருந்து வந்ததும் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு, பிறகு இயக்குங்கள். அடுப்படிக்குப் பக்கத்து மேசை வேண்டாம்.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

விண்டோஸில் வேண்டாம். பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் ஆண்ட்ராய்டு பில்டு கருவி எச்சரித்து நின்றுவிடும். பயனர் பெயரே தமிழில் இருந்தால் நிரலையும் எஸ்டிகேயையும் வேறு இடத்தில் வைத்து, 'கிரேடில்_யூசர்_ஹோம்' மாறியையும் அங்கே திருப்புங்கள். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் கோப்புறைக்குள்ளும் வைக்காதீர்கள். கட்டும்போது உருவாகும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளையும் அது மேலேற்றப் பார்க்கும், டேட்டா போய்விடும்.

நிரல் எழுதத் தெரியாது. எனக்கு வேலை இருக்கிறதா?

நிறைய. நாடுகள், படைகள், கட்டடங்கள் எல்லாம் ஜேசன் என்ற உரை வடிவக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாட் (விளையாட்டின் மாற்றியமைத்த வடிவம்) செய்ய மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. நிறுவிய விளையாட்டும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும் போதும். மொழிபெயர்ப்புகள் 'ஆண்ட்ராய்டு/அசெட்ஸ்/ஜேசன்ஸ்/டிரான்ஸ்லேஷன்ஸ்' கோப்புறையில் மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கும். சமக்குறிக்கு இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் மொழிபெயர்ப்பு. சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல்லை மட்டும் அப்படியே விட வேண்டும், அந்த இடத்தில் விளையாட்டு எண்ணையோ பெயரையோ போடும். இடத்தை மட்டும் தமிழ் வாக்கிய அமைப்புக்கேற்ப முன்பின் நகர்த்தலாம்.

தமிழில் மொழிபெயர்த்தால் எழுத்து சரியாகத் தெரியுமா?

இதுதான் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி. லிப்ஜிடிஎக்ஸின் பிட்மேப் எழுத்துரு, உரையை ஒவ்வொரு குறியாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கொ' என்பது யூனிகோடில் 'க', அதன்பின் ஒகரக் குறி என இரண்டு குறிகள். அந்த ஒகரக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னே போய் நிற்க வேண்டும் என்பது இந்த அடுக்கும் முறைக்குத் தெரியாது. ககரம் தனியாகவும், குறி தனியாகப் புள்ளி வட்டத்தோடும் வரும். 'கு', 'மூ' போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாற வேண்டும், அதுவும் மாறாது. மெய்யெழுத்தின் புள்ளி தலையில் ஏறாமல் பக்கத்தில் நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. எழுத்துரு சரிதான், எழுத்துகளைக் கோக்கும் படிதான் இல்லை.

நிரல் தெரிந்தவர் ஒருவர் எடுத்துச் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை. தமிழுக்கு இது எட்டாத காரியமும் இல்லை, ஏனென்றால் நம் எழுத்துகளின் தொகை வரம்புக்குட்பட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. கிரந்த வரிசைகளைச் சேர்த்தாலும் சில நூறுக்குள் அடங்கும். உரையைக் குறிகளாக அல்லாமல் முழு எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு முழு எழுத்துக்கும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியிலிருந்து ஒரு எண்ணை ஒதுக்கி, அந்த எழுத்தை ஒரே படமாக வரைந்து கொடுத்தால் அடுக்கும் முறை தன் வேலையைச் சரியாகச் செய்யும். முதன்மைத் தனிப்பயன் பகுதியில் 6400 இடங்கள் உள்ளன. விளையாட்டு தன் சின்னங்களுக்கும் அதே பகுதியில் இடம் எடுத்துக்கொள்கிறது, அவற்றோடு மோதாத வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படமாக வரையும் வேலையை இயங்குதளமே செய்யும். ஆண்ட்ராய்டின் கேன்வாஸிடம் 'கொ' என்று முழுதாகக் கொடுத்தால் சரியாக வரையும், ஜாவாவின் டெஸ்க்டாப் வரைவும் அப்படியே. எழுத்தை வரையும் நிரல் டெஸ்க்டாப்புக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனியாக இருப்பதால் இரண்டு இடத்திலும் சேர்க்க வேண்டும். பிரிக்கும்போது 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் புள்ளியில் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதிக்க 'கொக்கு', 'மௌனம்', 'தூண்', 'பேரூர்' நான்கும் திரையில் சரியாக வந்தால் பெரும்பாலும் எல்லாம் வரும். தொடங்கும் முன் கிட்ஹப்பில் உள்ள இஷ்யூக்களை (பிழை, கோரிக்கைப் பதிவுகள்) தேடிப் பார்த்து, யாரும் கையில் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மாற்றத்தை அனுப்பும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

'கிரேடில்டபிள்யூ டெஸ்ட்ஸ்:டெஸ்ட்' ஓட்டுங்கள். மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புச் சொல் ஒன்று விடுபட்டிருந்தாலும் இந்தச் சோதனை பிடித்துவிடும். 'கிட் டிஃப்' பார்த்து, தானாக மாறிய கோப்புகளும் உங்கள் கணினிக்கான அமைப்புகளும் உள்ளே வராததை உறுதி செய்துகொண்டு, ஒரு விஷயத்துக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) என்று சிறிதாக அனுப்புங்கள். கிட்ஹப்பின் கணினிகள் உங்கள் கிளையைத் தாமே கட்டிச் சோதித்துச் சொல்லும். பதிலுக்காக லேப்டாப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டியதில்லை, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.